ஆர் எழுத்து இல்லாத டயர்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது புதிதாக வாகனம் வாங்கினால் அவர்கள் முகத்துக்கு நேரே "நல்லாயிருக்கு" என்போம். வீட்டுக்கு வந்த பிறகு நாலு குறை சொல்வோம். அப்படிச் சொல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள். நான் தூக்கமாட்டேன். ஐம்பத்தைந்தைத் தாண்டியும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. போன மாதம் மருமகன் கார் வாங்கி வந்தபோது எல்லாரும் பூமாலையைப் பார்த்தார்கள். நான் குனிந்து டயரில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"என்னங்க அத்தை பாக்குறீங்க?"

"நாலும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்குறேன் மாப்பிள்ளை."

அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டார். அதில் பாதிதான் அக்கறை.

டயர் படிக்க நான் பழகியதே பொறாமையால்தான். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரே லயத்தில், ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் நாங்களும் அந்தப்பக்கம் சித்தப்பா குடும்பமும் இருந்தோம். அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினார். சித்தப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை. சித்தி தலவாக்கலை பஜாரில் பஞ்சர் கடை வைத்திருந்தவரின் மகள். அவர்களுக்கு ஒரே பெண், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். அவளைத் தங்கச்சி என்றே சொல்கிறேன்.

ஆகஸ்ட் விடுமுறை, விடாத மழை. ஒரு மத்தியானம் சித்தப்பா ஒரு வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு லயத்து முற்றத்துக்கு வந்து நின்றார். ஜப்பானிலிருந்து வந்த வேன். அதன் கதவில் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகள். கோயில் பூசாரி வந்து நாலு சக்கரத்துக்கும் சந்தனம் வைத்தார், எலுமிச்சம்பழத்தை நசுக்க வைத்தார். சந்தனம் மழையில் வழிந்து கறுத்த டயர் மேல் மஞ்சள் கோடாக இறங்கியது. அந்த டயர்களின் கறுப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஈரத்தில் பளபளவென்று, அப்போதுதான் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலைமுடி போல இருந்தன.

தங்கச்சி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். என்னைப் பார்த்தே செய்தாள். அதுவரை நான் 'எங்கப்பா லொறி' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். லொறி அப்பாவுடையது இல்லை, தோட்டத்துடையது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து எனக்குள் பொறாமை குடியேறிவிட்டது. சோறு இறங்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே எரிந்தது. காலையில் சித்தி, லயத்துக்கெல்லாம் பொதுவான பீலியில் விழும் தண்ணீரில் வேனைக் கழுவும்போது தங்கச்சி தேங்காய்த் தும்பைக் கையில் எடுத்துக்கொண்டு டயரைத் தேய்ப்பாள். தேய்த்துவிட்டு அதில் உள்ள எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் காட்டுவாள்.

"பாத்தியாக்கா, எங்க டயர்ல எவ்வளவு எழுதியிருக்கு! பெரியப்பா லொறி டயர்ல ஒண்ணுமே இல்ல."

நான் ஓடினேன். லொறி நிற்கும் கொட்டகைக்குப் போய் ஒரு குச்சியால் டயரில் அப்பியிருந்த செம்மண்ணைச் சுரண்டினேன். உள்ளே எழுத்து இருந்தது. எண்களும் இருந்தன. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. லொறிக்கு அடியிலிருந்து வெளியே வந்த அப்பா என் கையையும் பாவாடையையும் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாம் டயரோட சாதகம் பாப்பா. எவ்வளவு அகலம், எவ்வளவு பாரம் தாங்கும், எந்த அளவு வீலுக்குப் பொருந்தும், எப்ப பொறந்துச்சு, எல்லாம் அதுல இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். சாதகத்தில் தோஷம் பார்க்கலாம் அல்லவா? மறுநாள் தங்கச்சி சாப்பிடப் போன நேரம் பார்த்து வேனைச் சுற்றி வந்தேன். மூன்று டயரில் 165 ஆர் 13 என்று ஒரே மாதிரி இருந்தது. பின்பக்கம் இடது டயரில் மட்டும் ஆர் இல்லை. வேறு ஏதோ எண், ஒரு சின்னக் கோடு, பிறகு 13. குறை தேடிப் போன எனக்கு நிஜமாகவே ஒரு குறை கிடைத்துவிட்டது. அப்பா வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். "சித்தப்பா வேன்ல ஒரு டயருக்கு ஆர் இல்லப்பா!"

அப்பா சிரிக்கவில்லை. சட்டைகூட மாற்றாமல் போய்ப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அங்கே சின்னச் சின்ன வெடிப்புகள் இருந்தன. காலமெல்லாம் ஈர மலையில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்களின் குதிகாலில் இருக்குமே, அந்த மாதிரி வெடிப்புகள். என்னைக் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து வரச்சொல்லி, அதைச் சாய்த்துப் பிடித்து, உள்பக்கம் ஓரத்தில் இருந்த மூன்று இலக்கத்தைப் படித்தார். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த டயரை மாத்திரு. இது வேற வகை. மத்த மூணும் ரேடியல், அதான் ஆர் போட்டிருக்கு. இது பழைய கட்டு. ஒரே அச்சுல இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணு இருந்தா முடக்குல திரும்புறப்ப வண்டி சொன்ன சொல்லு கேக்காது. அதோட இது டாக் போட்டது. மேல மட்டுந்தான் புது ரப்பர், ஒடம்பு பழசு."

"வித்தவரு போன வருச டயர்னு சொன்னாரு அண்ணே. நம்பரும் ரெண்டுலதானே முடியுது?"

"முதல் ரெண்டு எண்ணும் வாரம். கடைசி எண் வருசம். ரெண்டுன்னா போன வருசமாவும் இருக்கலாம், அதுக்குப் பத்து வருசம் முந்தினதாவும் இருக்கலாம். ஒத்த நம்பர்தானே அடிச்சிருக்கு. வெடிப்பப் பாரு, புரியும்."

லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சித்தப்பா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சத்தமாகவே கேட்டார்.

"நான் ஒண்ணு வாங்கிட்டா ஒங்களுக்குப் பொறுக்கலையா அண்ணே?"

அப்பா கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை.

அப்பாவுக்குப் பொறாமையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேன் வந்த பிறகு அவர் முற்றத்து வழியாக வருவதை விட்டுவிட்டு, லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரமாகச் சுற்றிக்கொண்டு, வழுக்குகிற பாதையில் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அதைக் கவனித்தேன், காரணம் புரியவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களின் கொழுந்தை மற்றவர்களின் லொறியில் ஏற்றி ஓட்டியவர். தம்பிக்கோ வண்டி ஓட்டவே அவர்தான் பழக்கினார். அவருக்கு எரிச்சல் இருந்தது. டயர் பழையதாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று அந்த லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா கேட்கமாட்டார் என்று ஆனதும் அப்பா சித்தியிடம் பேசினார். ஒரு சாயங்காலம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. சித்தி பீலியடியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா பின்பாதையிலிருந்து இறங்கி வந்து அந்த டயர் பக்கம் குந்தினார். சித்தியும் குந்தினாள். பஞ்சர் கடையில் வளர்ந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எனக்கும் வந்த அன்னைக்கே சந்தேகந்தான் பெரிய மச்சான். அவரு மொகத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல வாய் வரல."

"நான் சொன்னேன்னு சொல்லாத. நீயா பாத்த மாதிரி சொல்லு. கொட்டகலைச் சடங்குக்குப் போறதுக்குள்ள மாத்தச் சொல்லு."

சித்தி டயரை முகர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு அது. நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். என்னிடம் சொன்னது சாதகம் என்கிற ஒரு வார்த்தை, சித்தியிடம் இவ்வளவு பேச்சா என்று குச்சியால் சேற்றைக் கிளறினேன். டயரில் ஆர் இல்லாததைக் கண்டுபிடித்தவளே நான்தானே?

திரும்பினால் அம்மா நின்றிருந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் நனைந்த படங்குச் சாக்கு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவளும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும்.

விளக்கு வைத்த பிறகு சண்டை. அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கக்கூடாது என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள்.

"ரெண்டு தலையும் ஒட்டிக்கிட்டுப் பாக்குற அளவுக்கு அந்த டயர்ல அப்படி என்னா இருக்கு?"

"டயர்தான் இருக்கு."

"தம்பிக்குப் பொண்ணு பாக்க மொதல்ல தலவாக்கலைக்குப் போனது யாரு? நீங்கதானே? பஞ்சர் போடப் போறேன் போறேன்னு எத்தன தடவ போனீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. சொன்னால், தம்பிக்குத் தெரியாமல் தம்பி மனைவியிடம் பேசியதைச் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப்பக்கம் சித்தப்பா இருந்தார். அவர் காதில் விழுந்தால் பொறாமையோடு இன்னொரு பழியும் சேரும். அந்த மௌனத்தை அம்மா தனக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துக்கொண்டாள். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, பீலியடியில் கேட்டதைச் சொல்லாமல், அம்மா பக்கம் சேர்ந்துகொண்டேன். அப்பாவை நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் பீலியில் அம்மா சித்தியின் வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்தாள். சித்தி புத்திசாலி. எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அப்பா வரும் நேரத்தில் வாசலுக்கே வரவில்லை. டயர் பற்றிச் சித்தப்பாவிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், 'உனக்கு யார் சொன்னது?' என்பதுதான் அவர் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

கொட்டகலையில் இருந்த அத்தையின் மகளுக்குப் பூப்புச் சடங்கு. அப்பாவும் சித்தப்பாவும் தாய்மாமன்மார். சீர்வரிசை கொண்டுபோக வேண்டும். தேங்காய், பழம், பட்டுப் பாவாடை, அந்தப் பெண்ணை உட்கார வைக்கப் பலாமரத்தில் செய்த மணைப்பலகை ஒன்று. அப்பா அம்மாவிடம், "நாம பஸ்ல போவோம்" என்றார்.

"வேன் இருக்கையில பஸ்ஸா? பொறாமையில பஸ்ல போறாங்கன்னு ஊரே சொல்லட்டும்."

அப்பா ஏறிவிட்டார். நான் இடது பக்கம் ஜன்னலோரம் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அப்பா என்னைத் தூக்கி வலது பக்கம் வைத்துவிட்டு, அந்த டயருக்கு நேர் மேலே இருந்த சீட்டில் தான் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஜன்னலைக்கூடத் தரமாட்டார் என்று அழுதேன். தங்கச்சி முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா ஓட்டு தம்பி" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்கரப்பத்தனை, லிந்துலை எல்லாம் கடந்தாயிற்று. தலவாக்கலையில் இறங்கி வெற்றிலை வாங்கினோம். அதைத் தாண்டிப் போகும்போது ஓர் இறக்கத்து முடக்கில் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. வேனின் பின்பக்கம் மாட்டு வால் மாதிரி வீசியது. சித்தப்பா பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். எதிரே பள்ளத்தில் தேயிலை, அதற்குக் கீழே வெறும் பனி. வேன் பாதி சுற்றி, பாதை ஓரத்து ஈர மண்ணில் ஏறி, ஒரு முள்ளுக்கம்பி வேலிக் கம்பத்தை உரசிக்கொண்டு நின்றது. தங்கச்சியின் நெற்றி முன் கண்ணாடியில் மோதிவிட்டது. பிறகு அவள் அலறினாள். அவள் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து பட்டுச்சட்டையில் சொட்டியது.

சித்தப்பா மகளைக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஜெக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, நாங்கள் எல்லாரும் உள்ளே இருக்கும்போதே வண்டியைத் தூக்க ஆரம்பித்தார். கிழிந்த டயரைக் கழற்றிவிட்டால் நடந்தது இல்லை என்று ஆகிவிடும் என்பது போல இருந்தது அவர் அவசரம். வண்டி கொஞ்சம் எழும்பியது. ஈர மண்ணில் ஜெக் சாய்ந்தது. வேன் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. அப்பா கதவைத் திறந்து குதித்து, சக்கரத்துக்கு உள்ளே நீட்டியிருந்த சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்த அதே நேரம் வண்டி தொப்பென்று கீழே உட்கார்ந்தது. இழுக்காவிட்டால் அந்தக் கை இருந்திருக்காது.

"ஒனக்குப் பைத்தியமா? ஹேண்ட் பிரேக்கு பின் வீலைத்தான் புடிக்கும். அதுல ஒண்ணைத் தூக்கிட்டா, மத்தது ஈர மண்ணுல எப்படிப் புடிக்கும்? எல்லாரும் எறங்குங்க! ரோட்டுப்பக்கம் நிக்காதீங்க, மண்மேட்டுல ஏறுங்க!"

சித்தப்பா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சியை இடுப்பில் அணைத்து, தன் முந்தானையால் அவள் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்த சித்தி, கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரிய மச்சான் அன்னைக்கே எங்கிட்ட வந்து சொன்னாருங்க. பீலியில வச்சு. சடங்குக்கு முந்தி மாத்தச் சொல்லுன்னு கெஞ்சாத கொறையா சொன்னாரு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல. சொல்ற மாதிரி இல்லாமப் போச்சு."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே, யாரால் என்று சொல்லிவிட்டது.

அம்மா அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும் என்று நினைக்கிறேன். தான் நினைத்தது பொய் என்று தெரிந்த நிம்மதி, அதனால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம், அதற்குப் பின்னாலும் போகாத ஏதோ ஒன்று. அந்தச் சிரிப்பு நிஜமாகவே கேட்டதுதானே?

"கல்லு வேணும்" என்றார் அப்பா. "பெரிய கல்லா. முன் வீலுக்கு முன்னால வைக்கணும்."

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா போனாள். தங்கச்சியை என்னிடம் விட்டுவிட்டுச் சித்தியும் போனாள். இருவரும் ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து இரண்டு முன் சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் இளக்கினார். பிறகு ஜெக்கை வைத்தார். மண் மறுபடி உள்வாங்கியது.

"அடியில வைக்க ஒரு பலகை இருந்தா..."

அம்மா வேனுக்குள் கையை விட்டு மணைப்பலகையை இழுத்தாள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணியில் சுற்றியிருந்தது.

"அக்கா, அது சீர்ப் பலகை" என்றாள் சித்தி.

"மனுசங்க இருந்தாத்தான் சீரு. வைங்க."

பலகை மேல் ஜெக் நின்றது. வேன் எழும்பியது. அப்பா ஸ்பேர் வீலை மாட்டுவதற்கு முன்னால், "அதுல என்னா போட்டிருக்குன்னு பாரு" என்று பொதுவாகச் சொன்னார். சித்தி குனிந்து சத்தமாகப் படித்தாள். "நூத்தி அறுபத்தஞ்சு, ஆர், பதிமூணு. மத்ததும் இதேதான். வெடிப்பு இல்ல." அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்றே ஒவ்வொன்றாகப் படித்தாள் என்று நினைக்கிறேன். அப்பா நட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்காமல், ஒன்றை இறுக்கி அதற்கு எதிரே உள்ளதை இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு முழுப் பலத்தோடு மறுபடி ஒரு சுற்று இறுக்கினார். கொட்டகலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பந்தலுக்குள் நுழையாமல் இன்னொரு முறை ஸ்பேனரை எடுத்தார்.

பலகையின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், அதைச் சுற்றிச் சேறு. அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "தாய்மாமன் சீருல இது என்னா காயம்?" அம்மா, "நான்தான் வச்சேன் மதினி. துணியப் போட்டு ஒக்கார வைங்க" என்றாள். அத்தை அதற்காகப் பல வருடம் அம்மாவிடம் குறைப்பட்டாள்.

எனக்கு அன்றைக்கு வேறு கவலை. தங்கச்சியின் நெற்றியில் மருந்துக்கடைக்காரர் வெள்ளைத் துணி வைத்து ஒட்டியிருந்தார். பந்தலில் சடங்குப் பெண்ணைவிட அவளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தர் லட்டு கொடுத்தார், ஒருத்தர் மடியில் வைத்துக்கொண்டார். எப்படி அடிபட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள்.

சித்தப்பா தலவாக்கலையில் நல்ல டயர் வாங்கிப் போட்டார். லயத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போது, "நல்ல வேளையா ஸ்பேர் வீலு சரியா வச்சிருந்தேன்" என்று முடிப்பார். அப்பா மறுத்துச் சொல்லமாட்டார். ஆனால் முற்றத்து வழியாக வர ஆரம்பித்தார்.

சடங்கு முடிந்து திரும்பிய பயணம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அம்மா தானாகவே போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. வெகுதூரம் போன பிறகு சித்தி மெதுவாகச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "என்னான்னு கேக்குறது?" என்றாள்.

சித்தி, அம்மாவின் நனைந்த முந்தானையை எடுத்துத் தன் மடியில் போட்டுப் பிழிந்துவிட்டாள். அம்மா தடுக்கவில்லை.

முன் சீட்டில் அப்பா. அவர் மடியில் தங்கச்சி தூங்கிவிட்டாள். வேன் குலுங்கும்போதெல்லாம் அவள் நெற்றி எதிலும் படாமல் அப்பா தன் உள்ளங்கையை அணைவாக வைத்துக்கொண்டு வந்தார். லொறி ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. நான் பின்னாலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு என் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.